நெல் அறையில் இருந்த ஸ்டெப்னி

எங்கள் வீட்டு நெல் அறையில் ஏறக்குறைய இரண்டு வருஷம் ஒரு டயர் குடியிருந்தது. குடியிருந்தது என்று சும்மா சொல்லவில்லை. உட்கார ஒரு பலகை, போர்த்திக்கொள்ள என் மனைவியின் பழைய சேலை, எலி அண்டாமல் இருக்கச் சுற்றிலும் வேப்பிலைக் கொத்து என்று அதற்கு எல்லா வசதியும் இருந்தது. நான் சாப்பிட்டேனா என்று அவள் கேட்காத நாள் உண்டு. டயரை எட்டிப் பார்க்காத நாள் கிடையாது.

யுத்த காலம் அது. பெரம்பலூர்ப் பக்கத்துச் சின்ன வெங்காயத்தையும் மல்லியையும் கடலைக்காயையும் அரியலூர் ரயிலடிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற தொழில் எனக்கு. வண்டி என்று ஒன்று வைத்திருந்தேன். பழைய பிளஷர் காரின் பின்பாதியை அறுத்து எறிந்துவிட்டு அங்கே மரப்பலகையில் பெட்டி அடித்தது. ஊரில் அதற்குப் பெட்டி வண்டி என்று பெயர். பெட்ரோல் கிடைக்காததால் பக்கவாட்டில் ஒரு கரி அடுப்பைக் கட்டி, கரி வாயுவில் ஓட்டினேன். அடுப்பை மூட்டி, கைப்பிடி போட்ட விசிறியை அரைமணி நேரம் சுற்றினால்தான் எஞ்சின் மனசு வைக்கும்.

எங்கள் ஊர் பேரளி தாண்டி, பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில் இருந்தது. அந்தச் சாலையைச் சாலை என்று சொன்னால் சாலைக்கே கோபம் வரும். மழை பெய்தால் கரிசல் மண் சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும். வெயில் காய்ந்தால் சுண்ணாம்புக் கல் சில்லுகள் தலைதூக்கி நிற்கும். வாரத்தில் ஒரு நாளாவது பஞ்சர் ஒட்டாமல் நான் வீடு வந்து சேர்ந்ததில்லை. ஸ்டெப்னி இல்லாமல் ஓடியது என் அதிர்ஷ்டமே தவிர கெட்டிக்காரத்தனம் இல்லை.

மலாயா ஜப்பான்காரன் கைக்குப் போனதும் ரப்பரும் அவனோடு போய்விட்டது. புது டயர் வேண்டுமானால் திருச்சிக்குப் போய்ப் பெர்மிட் வாங்க வேண்டும். போனேன். வண்டியில் என்ன ஏற்றுகிறாய் என்று கேட்டார்கள். வெங்காயம் என்றேன். யுத்தத்துக்கு வெங்காயம் எதற்கு என்றார் மேஜைக்குப் பின்னால் இருந்தவர். "வெங்காயம் இல்லாமே எந்தச் சிப்பாய் சார் சோறு திங்கிறான்?" என்று கேட்டுவிட்டேன். என் வாய்க்கு அன்றைக்கும் பூட்டு இல்லை, இன்றைக்கும் இல்லை. பெர்மிட் கிடைக்கவில்லை.

பிறகு பழைய டயர் தேடி அலைந்தேன். அலைந்து அலைந்து டயர் பார்ப்பதில் நான் ஒரு வைத்தியனாகிவிட்டேன். முதலில் அளவு சரியாக இருக்க வேண்டும். அடுத்தது விளிம்பில் இருக்கும் கம்பி வளையம் நெளிந்திருக்கக் கூடாது. உள்ளே கையை விட்டுத் தடவினால் நூல் தட்டுப்படக் கூடாது. மேலே ரப்பர் வைத்து ஒட்டிப் புதுசு மாதிரி காட்டுவார்கள், அதில் ஏமாறக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே கட்டைவிரல் சோதனை. ரப்பரைக் கட்டைவிரலால் அழுத்தினால் கொஞ்சம் அமுங்கி எழ வேண்டும். கல் மாதிரி இருந்தால் அது கிழடு, வெயிலில் வெடித்துவிடும். இந்தக் கட்டைவிரல் சோதனையை நான் வேதவாக்காக நம்பினேன். அதனால்தான் இதை இங்கே சொல்லிவைக்கிறேன்.

கடைசியில் உடையார்பாளையத்துப் பக்கம் ஒரு மிராசுதாரிடம் கிடைத்தது. பெட்ரோல் இல்லாமல் அவருடைய கார் கொட்டகையில் கிடந்தது. உள்ளே கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அந்தக் காரின் முதுகில் உறை போட்டபடி ஸ்டெப்னி இருந்தது.

"ரோட்டு மொகத்தையே பாக்காத டயருய்யா இது. வாங்கின நாள்லேருந்து அப்படியே இருக்கு. எம் பொண்ணு கல்யாணத்துக்கு மூணு நாள் வண்டி ஓட்டிக் குடு, எடுத்துக்க" என்றார்.

கயிற்றால் அளந்தேன். என் வண்டிக்கு அச்சாகப் பொருந்தியது. கட்டைவிரலால் அழுத்தினேன். அமுங்கி எழுந்தது. மூன்று நாள் என்ன, முப்பது நாள் ஓட்டச் சொன்னாலும் ஓட்டியிருப்பேன்.

அதை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று என் மனைவி வாசலுக்கு வந்து, ஆரத்தி எடுக்கவா என்று கேலி செய்தாள். எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது ஐந்து வருஷம். குழந்தை இல்லை. வீட்டுக்குப் புதிதாக ஏதாவது வந்தால் அவள் முகம் கொஞ்ச நேரம் மலரும், பிறகு பழையபடி ஆகிவிடும். அன்றைக்கு மலர்ந்தது அப்படியே இருந்தது.

வண்டியில் மாட்டி வைத்தால் ரயிலடியில் ஒரே நாளில் களவு போய்விடும். அதனால் நெல் அறையில் வைத்தோம். சாய்த்தே வைத்திருந்தால் ஒரு பக்கம் தட்டையாகிவிடும் என்று வாரம் ஒரு தடவை கால்வாசி சுற்று உருட்டி வைக்கச் சொல்லிக்கொடுத்தேன். காற்று குறைகிறதா என்று விரல் முட்டியால் தட்டிப் பார்க்கச் சொன்னேன். இரண்டும் சரியான யோசனைதான். அதோடு வாயை மூடியிருக்கலாம்.

என் அப்பாவுக்குக் கவலை இறைக்கிற கிணறு இருந்தது. மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற அந்தத் தோல்சாலுக்கு மாதம் இரண்டு தடவை எண்ணெய் போட்டு ஊறவைப்பார். போடாவிட்டால் தோல் காய்ந்து வெடித்துவிடும். அந்தத் தோல்சாலைப் பார்த்து வளர்ந்தவன் நான். அவளிடம் சொன்னேன்.

"தோலும் ரப்பரும் ஒண்ணுதான் புள்ள. எண்ணெ காட்டலைன்னா வெடிச்சுப் போயிடும். வெள்ளிக்கெழம நீ தலை முழுகுறப்ப அதுக்கும் ஒரு கை தேச்சு விடு."

எங்கள் பக்கத்தில் ஆட்டுகிற கடலெண்ணெய்தான். யுத்தத்தில் அதுவும் தட்டுப்பாடு. தாளிக்கிறதில் மிச்சம் பிடித்துக் கிண்ணத்தில் சேர்த்துவைப்பாள். வெள்ளிக்கிழமை காலையில் தன் தலைக்கு வைத்துக்கொண்டு, மிச்சத்தை எடுத்துக்கொண்டு நெல் அறைக்குள் போவாள். எண்ணெய் குறைச்சலாக இருந்தால் தன் தலைக்கு வைக்காமல் டயருக்கு மட்டும் தேய்ப்பாள். அவள் தலைமுடி நீளம், நல்ல அடர்த்தி. அது காய்ந்து செம்பட்டை பாய்ந்த வாரங்கள் எனக்கு நினைவிருக்கிறது. டயர் மட்டும் கருகருவென்று மின்னியது.

ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் உண்டானாள்.

அன்றிலிருந்து அந்த டயரை வேறு எதற்கும் மாட்டுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். தலைச்சன் பிரசவம், அதுவும் வயசு தள்ளி. ஊர் மருத்துவச்சியை மட்டும் நம்பக் கூடாது, அரியலூர் ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் இருக்கிறார், வலி எடுத்ததும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவது என்று பேசி வைத்திருந்தோம். நடுச்சாலையில் டயர் போய்விட்டால் என்ன செய்வது என்பதுதான் எங்கள் ஒரே பயம். அதற்குத்தான் இது இருக்கிறதே என்பது எங்கள் ஒரே தைரியம். ஓடுகிற டயர்கள் நான்கும் ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டுப் பிச்சைக்காரன் சட்டை மாதிரி ஆகிவிட்டன. நடுவழியில் மணிக்கணக்காக உட்கார்ந்து பஞ்சர் ஒட்டியிருக்கிறேன். அந்த ஸ்டெப்னியைத் தொடவில்லை. அது பிள்ளைக்கு என்று வைத்தது.

மாசமாக இருக்கும்போதும் வெள்ளிக்கிழமை தவறவில்லை. குனிய முடியாமல் முக்காலி போட்டு உட்கார்ந்து தேய்ப்பாள். ஏழாம் மாசமோ எட்டாம் மாசமோ என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"தொட்டுப் பாருங்களேன். எப்படி மெத்துன்னு இருக்கு!"

கட்டைவிரலை வைத்தேன். நன்றாக அமுங்கியது. வாங்கும்போது இருந்ததைவிட அதிகமாகவே அமுங்கியது. எனக்கு ஒரே பெருமை. "ஒன் கைராசி" என்றேன். கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காப்பது என்று சொல்வார்களே, அப்படிக் காத்தோம். கண்ணோடு நிறுத்தியிருக்கலாம்.

கணக்குப் பார்த்ததற்குப் பதினைந்து நாள் முன்னாலேயே வலி வந்துவிட்டது. சித்திரை மாசம், விடிந்து கொஞ்ச நேரம். மருத்துவச்சி வந்து பார்த்தாள். இரண்டு நாழிகை பார்த்துவிட்டு வெளியே வந்தவளின் முகத்தில் நல்ல சேதி இல்லை.

"தம்பி, புள்ள குறுக்க இருக்கு. என்னால ஆவாது. நேரத்தோட கொண்டுபோயிட்டா பொழச்சுக்கும்" என்றாள்.

கரி அடுப்பை ஏற்கெனவே மூட்டியிருந்தேன். பெட்டியில் வைக்கோல் பரப்பி, மேலே மெத்தையைப் போட்டு அவளைப் படுக்கவைத்தோம். மருத்துவச்சியும் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். நெல் அறையிலிருந்து டயரை நானே தூக்கிவந்து என் மனைவியின் கால்மாட்டில் வைத்துக் கட்டினேன். வலியோடு வலியாக அவள் அதைப் பார்த்தாள். உறைச்சேலையை எடுக்க வேண்டாம், தூசி படும் என்றாள்.

நாலு மைல் போனதும் ஒரு கல் சில்லு பின் சக்கரத்தைக் கிழித்துவிட்டது. நான் பதறவில்லை. இதற்குத்தானே இரண்டு வருஷம் காத்திருந்தோம். ஜாக்கியைக் கொடுத்துத் தூக்கி, கழற்றி, ஸ்டெப்னியை மாட்டினேன். தலைக்கு மேலே பெட்டிக்குள் அவள் முனகுவது கேட்டுக்கொண்டே இருந்தது. நடுவில் முனகல் நின்றது.

"நம்ம டயரத்தான மாட்டுறீங்க?" என்று கேட்டாள்.

"ஆமா புள்ள."

"அப்ப சரி" என்றாள்.

இரண்டு மைல்கூடப் போயிருக்க மாட்டோம். வேட்டுச் சத்தம் மாதிரி முதலில் வரவில்லை. ஈரத்துணியைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம்தான் கேட்டது. வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. இறங்கிப் பார்ப்பதற்குள் டியூப் வெளியே பிதுங்கி வெடித்தது. மேல் ரப்பர், வேகவைத்த கிழங்கின் தோல் மாதிரி நூலிலிருந்து தனியாகக் கழன்று, சக்கரத்தைச் சுற்றித் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. ரோட்டு முகத்தையே பார்க்காத டயர். கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். அந்தக் கொஞ்ச நேரத்துக்காக இன்னும் என்னை நான் மன்னிக்கவில்லை.

பிறகு, கிழிந்துபோன பழைய டயருக்குள் அவள் மெத்தைக்கு அடியில் இருந்த வைக்கோலை உருவித் திணித்து மாட்டினேன். அரை மைல் ஓடியது. அப்புறம் சக்கரம் சுற்ற மறுத்துவிட்டது. நடுப்பகல். வேலிக்கருவேல நிழல்கூட இல்லை. கடலைக்கொடி ஏற்றிக்கொண்டு வந்த ஒரு மாட்டு வண்டியை மறித்தேன். அந்த மனிதர் ஒரு வார்த்தை கேட்காமல் கொடியை எல்லாம் சாலையில் தள்ளிவிட்டு அவளை ஏற்றிக்கொண்டார். மாடு நடக்கிற வேகம்தான் நடக்கும். நான் கூடவே ஓடினேன். அரியலூர் போய்ச் சேரும்போது பொழுது சாய ஆரம்பித்திருந்தது.

பெண் குழந்தை. உயிரில்லை. லேடி டாக்டர் திட்டவில்லை. "கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமே" என்று மட்டும் சொன்னார். என் மனைவி பிழைத்துக்கொண்டாள். இனிமேல் அவளுக்குக் குழந்தை தங்காது என்பதையும் அவரே என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். குழந்தைக்கு நிறைய முடி இருந்தது, அம்மாவைப் போல. ஒரு துண்டில் சுற்றிக் கொடுத்தார்கள். அவ்வளவு கனமான துண்டை நான் அதற்குப் பிறகு தூக்கியதில்லை.

ஊரில் எல்லாரும் கல்லைக் குறை சொன்னார்கள். சாலையைச் சொன்னார்கள், விதியைச் சொன்னார்கள். எனக்கு ஆறவில்லை. நான் எதையும் சும்மா விடுகிற ஆள் இல்லை. டயர் ஏன் போயிற்று என்று தெரிந்தாக வேண்டும். ஒரு மாசம் கழித்து, கிழிந்த பின் டயரைத் தைத்து ஒட்டி வண்டியைக் கிளப்பி, அந்தப் பிய்ந்த ஸ்டெப்னியை எடுத்துக்கொண்டு லெப்பைக்குடிக்காட்டுக்குப் போனேன். அங்கே ஒரு பாய், யுத்தத்துக்கு முன்னால் மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்து ஊர் திரும்பியவர். என் வண்டியில் சரக்கு அனுப்புகிறவர்.

அவர் டயரை மடியில் வைத்துப் பார்த்தார். ஒரு துண்டைக் கிள்ளினார். அது புட்டு மாதிரி கையோடு வந்தது. மூக்கருகே கொண்டுபோனவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"எண்ணெ எதுவும் போட்டீங்களா?"

"வாராவாரம் போட்டோம் பாய். வெடிக்காம இருக்கணும்னு."

"யா அல்லா" என்று கண்ணை மூடிக்கொண்டார். "ரப்பருக்கு எண்ணெதான் எமன். ஊற ஊற உள்ளுக்குள்ள கூழாப் போயிடும். தொட்டா மெத்துன்னு இருந்திருக்குமே?"

என் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யாரு தேச்சது?" என்றார். சொன்னேன். நான் கிளம்பும்போது அவர் தன் பழைய வண்டியில் இருந்து ஒரு ஸ்டெப்னியைக் கழற்றி என் பெட்டியில் ஏற்றிவிட்டார்.

வழி முழுக்க, அவளிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். வீட்டு வாசலில் வண்டி நின்றதும் அவள் வந்து பெட்டியை எட்டிப் பார்த்தாள். டயரைப் பார்த்ததும், பிரசவத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவள் முகத்தில் ஏதோ ஒன்று அசைந்தது. "புதுசா?" என்றாள். நான் தலையாட்டினேன். அவளே நெல் அறையைக் கூட்டி, பலகையைப் போட்டு, டிரங்குப் பெட்டியில் மடித்துவைத்திருந்த அதே சேலையை எடுத்துவந்து போர்த்தினாள். வெள்ளிக்கிழமை வந்தது. எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். முக்காலி இழுக்கிற சத்தம் கேட்டது.

நான் வாசலில் நின்றேன். வாயாடி என்று மூன்று ஊரில் பேர் வாங்கியவன், ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் நின்றேன். எதற்காகத் தேய்க்கக் கூடாது என்று சொன்னால், குழந்தை எதனால் செத்தது என்றும் சொல்ல வேண்டும்.

அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். எங்கள் பக்கம் வெள்ளிக்கிழமை பெண்கள் எண்ணெய் முழுக்கு, சனிக்கிழமை ஆண்கள். சனிக்கிழமை நான் சீயக்காய் கரைத்தால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அவள் துணி துவைக்க ஏரிக்குப் போனதும் டயரைக் கொல்லைக்கு உருட்டிக்கொண்டு போவேன். சீயக்காயைப் போட்டு, எண்ணெய்ப் பிசுக்குப் போகத் தேய்த்துக் கழுவி, துடைத்து, நிழலில் ஆறவிட்டு, அதே இடத்தில் அதே பக்கமாகச் சாய்த்து வைத்துச் சேலையைப் போர்த்திவிடுவேன். அவள் வெள்ளிக்கிழமை தேய்ப்பாள். நான் சனிக்கிழமை கழுவுவேன். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். என் புளுகு எட்டு மாசம் நின்றது.

தை மாசம் ஒரு சனிக்கிழமை, ஏரியில் தண்ணீர் கலங்கலாக இருக்கிறது என்று துவைக்காமல் திரும்பிவிட்டாள். நான் கொல்லையில் முழங்கை வரை நுரையோடு உட்கார்ந்திருந்தேன். அழுக்குத் துணி மூட்டையை இடுப்பில் வைத்தபடி நின்று பார்த்தாள். டயரைப் பார்த்தாள், சீயக்காய்க் கிண்ணத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியம் எதற்கும் இருந்ததில்லை.

"எண்ணெயாலதான் அது போச்சா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எப்பலேருந்து தெரியும்?"

"அடுத்த மாசமே தெரியும்."

"இத்தனை வெள்ளிக்கெழமையும் பாத்துக்கிட்டா இருந்தீங்க? புள்ளையக் கொன்ன கையால நான் மறுபடி மறுபடி தேச்சுக்கிட்டு இருந்தேன். பாத்துக்கிட்டா இருந்தீங்க?"

"தேய்க்கச் சொன்னது நானு" என்றேன். "எங்கப்பன் சாலுக்குப் போட்டானேன்னு சொன்னது நானு. பாவம் எல்லாம் என்னுது."

"தேச்சது நான்" என்றாள்.

இதைச் சொல்லி நாங்கள் சண்டை போட்டுக்கொள்ளவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் உள்ளே போய் எண்ணெய்க் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தாள். நெல் அறைக்குள் மறுபடி போகவில்லை. நெல் எடுக்கக்கூட என்னைத்தான் அனுப்புவாள். யுத்தம் முடிந்தது, பெர்மிட் இல்லாமல் டயர் வந்தது, பெட்டி வண்டி போய் நிஜ லாரி வந்தது. அவள் மட்டும் அந்தத் தை மாசத்துக்குப் பிறகு தன் தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை.

நான் விட்டேனா? வெள்ளிக்கிழமைதோறும் உள்ளங்கையில் எண்ணெயோடு பின்னால் போய் நிற்பேன். கெஞ்சியிருக்கிறேன், கத்தியிருக்கிறேன், தீபாவளிக்காவது ஒரு சொட்டு வைத்துக்கொள் என்று அழுதிருக்கிறேன். திரும்பிப் பார்க்காமலே என் கையைத் தட்டிவிடுவாள். கோபமாக இல்லை. ஒரு ஈயை ஓட்டுகிற மாதிரி. அவ்வளவு நீள முடி தேங்காய் நார் மாதிரி ஆயிற்று, கொட்டிற்று, நரைத்தது. இருபத்தாறு வருஷம்.

அவள் போன அன்று, குளிப்பாட்டுவதற்கு முன்னால் ஒவ்வொருவராக வந்து தலையில் எண்ணெயும் சீயக்காயும் வைத்தார்கள். அது எங்கள் வழக்கம். கடைசியில் என்னைக் கைத்தாங்கலாக அழைத்துவந்தார்கள். ஒரு விரலால் தொட்டு வைத்தால் போதும் என்று யாரோ சொன்னார்கள். நான் கிண்ணத்தை வாங்கி, இருந்த எண்ணெய் முழுவதையும் உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டு அவள் தலையில் வைத்துத் தேய்த்தேன். அன்றைக்கு அவள் என் கையைத் தட்டிவிடவில்லை.